உளி படாத சிற்பங்கள்

தைவான் தலைநகர் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்க்கும் பொருள்களில் ஒன்று, ஒரு கோஸ். சீனச் சமையலில் போடும் நீளவாக்குக் கோஸ். உயரம் 18.7 சென்டிமீட்டர். தண்டு வெள்ளை, மேலே போகப் போகப் பச்சை, இலை நுனியில் நீண்ட மீசையோடு இரண்டு வெட்டுக்கிளிகள். மொத்தமும் ஒரே கல். சாயம் கிடையாது, ஒட்டு கிடையாது. சீனப் பேரரசர் குவாங்ஷுவின் துணைவியருள் ஒருவரான ஜின், 1889-இல் அரண்மனைக்கு வந்தபோது சீதனமாகக் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது. வெள்ளை கற்புக்கு, வெட்டுக்கிளி பிள்ளைப்பேற்றுக்கு என்று பொருளும் சொல்கிறார்கள். ஜின்னுக்குக் குழந்தை பிறக்கவேயில்லை என்பது வேறு கதை.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேட் என்று பொதுவாக அழைக்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. இது ஜேடைட், பர்மாப் பக்கத்துச் சரக்கு. பாதி வெள்ளை, பாதி பச்சை, உள்ளே விரிசல்களும் புள்ளிகளும். வளையல் அறுக்கக்கூட உதவாது என்று கழித்துக்கட்டியிருக்க வேண்டிய துண்டு. பெயர் தெரியாத அந்தக் கலைஞன் வெள்ளையைத் தண்டாக்கினான், பச்சையை இலையாக்கினான், விரிசல் ஓடிய இடங்களில் இலை நரம்பை ஓடவிட்டான். எது விரிசல், எது நரம்பு என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம்.

சீனத்தில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே போற்றப்பட்டது நெஃப்ரைட் என்ற இன்னொரு வகை. மேற்கே ஷின்ஜியாங்கில், கோத்தான் ஆற்றுப் படுகைகளில் கூழாங்கற்களாகக் கிடைக்கும். நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் கல் இது. உளி வைத்துத் தட்டினால் நினைத்த இடத்தில் சில்லு பெயராது. கத்தியால் கீறினால் கத்திதான் மழுங்கும். தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1637-இல் சோங் யிங்ஷிங் எழுதிய தொழில்நூலில் இப்படிக் கல் தேய்க்கும் பட்டறையின் படமே இருக்கிறது. தொழிலாளி தையல் மெஷின்போலக் காலால் மிதிக்கிறார். இரும்புத் தகடு முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. ஈர மணலை விட்டபடியே கல்லைத் தகட்டில் அழுத்திப் பிடிக்கிறார். அறுப்பது மணல், அதை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் தகட்டின் வேலை. துளை போடக் குழாய், குடையச் சின்னச் சின்னத் தகடுகள், கடைசியில் மரச் சக்கரமும் தோல் சக்கரமும் வைத்து மெருகு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு.

இரும்பே இல்லாத காலத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது என்பதுதான் மலைக்க வைப்பது. ஹாங்ஜோ அருகே லியாங்ஜு பண்பாட்டு மக்களின் ஃபான்ஷான் கல்லறைகளை 1986-இல் தோண்டியபோது, சுமார் 5,000 ஆண்டு பழைய ஜேட் பொருள் ஒன்று கிடைத்தது. வெளியே சதுரம், நடுவே வட்டத் துளை, எடை 6.5 கிலோ. அதில் இறகுக் கிரீடம் சூடிய மனித உருவமும், அதன் கீழே பெரிய கண்களுடைய விலங்கு முகமும் கீறப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்குள் நாலைந்து கோடுகள் அடங்குகின்றன. எதைக் கொண்டு கீறினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் ஓயவில்லை.

பெய்ஜிங் அரண்மனையில் இருக்கும் ஜேட் மலை வேறு ரகம். 5 டன்னுக்கும் மேல் எடை, 224 சென்டிமீட்டர் உயரம். வெள்ளத்தை அடக்கிய யூ மன்னனின் கதை அதில் காட்சியாக விரிகிறது. பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையே ஆட்கள் மலையைக் குடைகிறார்கள். சியென்லோங் பேரரசரின் ஆசை இது. ஷின்ஜியாங் மலையில் வெட்டிய கல்லைக் குளிர்காலத்தில் பாதையில் நீர் ஊற்றி உறையவைத்துப் பனிமேல் இழுத்து வந்தார்கள். முதலில் செய்த மெழுகு மாதிரி, செதுக்கும் வேலை நடக்கவிருந்த தெற்கு நகரமான யாங்ஜோவின் வெயிலில் உருகிவிடும் என்று பயந்து மரத்தில் இன்னொன்று செய்தார்கள். 1781-இல் யாங்ஜோ போன கல், வேலை முடிந்து 1787-இல் திரும்பியது. பிறகு பேரரசர் தம் கவிதையையும் முத்திரையையும் அதன்மேல் பொறிக்கச் செய்தார். கையில் கிடைத்த ஓவியத்தில் எல்லாம் முத்திரை குத்திய மனிதர், இதை மட்டும் விடுவாரா?

உழைப்புக்குத் தலைவணங்கலாம். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த மலையை விட்டுவிட்டு அந்த லியாங்ஜுக் கல்லைத்தான் எடுப்பேன். மலையில் அரசனின் ஆணை தெரிகிறது. அந்தக் கல்லில் ஒருவனுடைய கை தெரிகிறது.

இதே சியென்லோங் மனம் பறிகொடுத்தது முகலாய இந்தியாவின் ஜேட் கிண்ணங்களிடம். அவற்றின் மெல்லிய சுவரையும் பூவிதழ் வேலைப்பாட்டையும் புகழ்ந்து கவிதைகள் எழுதி, தம் பட்டறையிலும் அதேபோலச் செய்யச் சொன்னார். அந்த முகலாயக் கைவண்ணத்தைப் பார்க்க நாம் தைபே போக வேண்டியதில்லை. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜேட் பொருள்களுக்கென்றே தனிக் கூடம் உண்டு. ஜஹாங்கீரின் குத்துவாளும் நூர்ஜஹானின் பழக்கத்தியும் அங்கே இருக்கின்றன. சார்மினார் பார்க்கப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.