ஒயிட்னர் தடவிய அரிய அட்டை

போன கோடையில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது, பேரன் ஒரு பேஸ்பால் அட்டையை நீட்டினான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாற்பது டாலர் கொடுத்து வாங்கியது. ஆட்டக்காரரின் தோளை ஒட்டிச் சிவப்பு மை கொஞ்சம் விலகி நின்றது. "தாத்தா, இது எரர் கார்டு. உலகத்துலேயே ஒண்ணுதான் இருக்காம்!"

முப்பது வருஷம் ஆஃப்செட் மிஷின் முன்னால் நின்றவன் நான். ரெஜிஸ்டர் விலகின, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத தாள் அது. காலையில் மிஷினை ஓட்டியதும் முதலில் விழுகிற தாள்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். வேஸ்ட் கட்டில் போடுவோம். உலகத்தில் ஒன்றுதான் என்பது பொய்யில்லை. வேஸ்ட் தாள் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றுதான்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் காசை அள்ளிக் கொடுப்பது வேறு வகைப் பிழைக்கு. அச்சு ஓடும்போதே யாரோ கவனித்து, பிளேட்டை மாற்றி, மீதியைச் சரியாக அடித்திருக்க வேண்டும். அப்போதுதான் பிழையானது குறைவாகவும் சரியானது நிறையவும் இருக்கும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வந்த டி206 வரிசையில் ஆட்டக்காரர் ஷெர்ரி மகீயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இரண்டு 'இ' வர வேண்டிய இடத்தில் 'ஐ', 'இ' என்று விழுந்துவிட்டது. பிறகு திருத்தினார்கள். அந்த ஓர் எழுத்துக்குத்தான் விலை. டாப்ஸ் கம்பெனியின் 1957 வரிசையிலோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டு, வலக்கை ஆட்டக்காரர் ஹாங்க் ஆரனை இடக்கைக்காரர் ஆக்கினார்கள், திருத்தவே இல்லை. எல்லா அட்டையும் அதே பிழையோடு இருப்பதால், அங்கே கொடுக்கிற விலை ஆரனுக்கு. பிழைக்கு இல்லை.

விலை ஓர் எழுத்தில் இருந்தால், மோசடியும் அந்த எழுத்தில்தான் நடக்கும். சாதாரண மகீ அட்டையில் 'இ'யைச் சுரண்டி 'ஐ' ஆக்கியவர்கள் உண்டு. ஃப்ளியர் கம்பெனியின் 1989 வரிசையில் ஆட்டக்காரர் பில்லி ரிப்கன் பிடித்திருக்கும் மட்டையின் அடிக்குமிழில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. எழுதியது தானே என்று பல வருஷம் கழித்து ரிப்கனே ஒப்புக்கொண்டார். கம்பெனி பதறி, சிலவற்றில் கறுப்புக் கட்டம் போட்டது, சிலவற்றில் கிறுக்கியது, சிலவற்றில் வெள்ளை அடித்தது. வெள்ளை அடித்தது அரிது. ஆகவே ஸ்டேஷனரிக் கடை ஒயிட்னரை ஒரு சொட்டு வைத்து 'அரிய' அட்டை தயாரிக்கிறார்கள். 1990 டாப்ஸில் ஃபிராங்க் தாமஸ் பெயரே விழாத அட்டைக்கும் இதே கதி. அச்சில் கறுப்பு மை விடுபட்டபோது பெயரோடு பக்கத்துக் கோடுகளும் சேர்ந்து போயின. பெயரை மட்டும் அழிக்கிறவர் கோட்டை மறந்துவிடுவார்.

கையில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருக்கட்டும். அந்தக் கால ஆஃப்செட் அட்டையில் படம்தான் புள்ளி புள்ளியாக இருக்கும். கறுப்பு எழுத்து ஒரே மையாக, ஓரம் தெளிவாக நிற்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தும் புள்ளியாகச் சிதறும். 1909ஆம் வருஷத்து அட்டை என்று சொல்லி விற்பது புற ஊதா விளக்கின் கீழ் நீலமாகப் பளிச்சென்று மின்னினால் வாங்காதீர்கள். காகிதத்துக்கு அந்த மினுமினுப்பைத் தருகிற ரசாயனம் அப்போது புழக்கத்திலேயே இல்லை.

தரச்சான்று வாங்கி பிளாஸ்டிக் உறையில் பூட்டிய அட்டை என்றால் பயமில்லை என்பார்கள். ஆனால் தரச்சான்று தரும் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலில் தரமிட்ட அட்டை ஹோனஸ் வாக்னரின் டி206. 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரங்களை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் 2015இல் அவருக்கு 20 மாதச் சிறை. உறையில் உள்ள எண்ணை நிறுவனத் தளத்தில் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, உண்மையான எண்ணைப் போலி உறையில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தளத்தில் அட்டையின் படம் இருந்தால் மூலை மூலையாக ஒப்பிடுங்கள்.

இனி சட்டம். நகல் நாணயத்தில் 'காப்பி' என்று பொறிக்கச் சொல்லும் 1973 அமெரிக்கச் சட்டம் பேஸ்பால் அட்டையைத் தொடுவதில்லை. ஆனால் லூசியானா தவிர எல்லா மாநிலங்களிலும் உள்ள வணிகச் சட்டப்படி, பொருளைப் பற்றி விற்பவர் சொல்லும் விவரமே உத்தரவாதம். "அருமையான அட்டை" என்றால் அது வெறும் வாய்ப்பேச்சு. "1990 அசல், பெயர் விடுபட்டது" என்றால் அது வாக்கு. 'இருப்பது இருக்கிறபடி' என்று கீழே ஒரு வரி போட்டு அந்த வாக்கிலிருந்து நழுவ முடியாது. பொருள் கைக்கு வந்ததிலிருந்து பொதுவாக நான்கு வருஷம் வழக்குப் போடலாம். ஆகவே விவரத்தை எழுத்தில் வாங்குங்கள், விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

வழக்குக்கு முன்னால் சுலபமான வழிகள் இருக்கின்றன. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் போய்ச் சேரும்படி வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். புகார் செய்ய, ஈபேயில் பொருள் வந்ததிலிருந்து 30 நாள், பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள். பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்ற வழியில் பணம் அனுப்பச் சொல்கிறவரிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அந்த வழியில் போன பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. சில டாலர் கட்டணம் மிச்சம் என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். இணைய மோசடியை எஃப்பிஐயின் ஐசி3 பிரிவில் பதியலாம். தபாலில் வந்தது என்றால் தபால் புலனாய்வுத் துறை இருக்கிறது.

பேரன் கொடுத்தது ரொக்கம். ரசீது இல்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சந்தைக்குப் போனோம். அதே மேசையில் வேறு யாரோ பழைய ஷூக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.