கோடையில் மீன் எங்கே போகிறது?
மிசௌரி நீர்த்தேக்கத்தில் ஸ்பூன் தூண்டில்

ஏரி மீன் குத்தகை எடுத்த விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாசி மாதத்தில் கரையோரம் தூண்டில் போட்டால் மீன் கடிக்கிறது. சித்திரையில் அதே இடத்தில் பொழுதன்னிக்கும் உட்கார்ந்தாலும் ஒன்றுமில்லை. மீன் எங்கே ஐயா போகிறது?" இந்தக் கேள்விக்கான விடையை நான் கண்ணால் பார்த்தது அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில். மானாவாரிச் சாகுபடி முறைகளைப் பார்ப்பதற்காக ஒரு ஜூலை மாதம் அங்கே சென்றிருந்தேன். தங்கியிருந்த வீட்டுக்காரர் கோதுமையும் சூரியகாந்தியும் பயிரிடுபவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தம் படகில் ஏற்றிக்கொண்டு சக்காகவியா என்ற நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனார்.

மிசௌரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட காரிசன் அணையால் உண்டானது இந்த ஏரி. அணை முழுவதும் மண்ணால் ஆனது. நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். 1953-ல் ஆறு அடைக்கப்பட்டது. நிரம்பினால் சுமார் 285 கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நம் மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே அணையருகே ஆழம் சுமார் 180 அடி. தண்ணீருக்கு அடியில் கிடப்பது நல்ல ஆற்றுப் படுகை நிலம். மாண்டன், ஹிடாட்சா, அரிக்கரா என்ற மூன்று பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்ட பூமி அது. அவர்களுடைய நிலத்தில் 1,50,000 ஏக்கருக்கு மேல் மூழ்கிற்று. 1948-ல் ஒப்பந்தம் கையெழுத்தான போது அவர்களின் தலைவர் ஜார்ஜ் கில்லட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்தி அழுத புகைப்படம் இன்றும் அங்கே பலருக்கு நினைவிருக்கிறது.

கண் பளபளக்கும் மீன்

நாங்கள் தேடிப் போன மீனின் பெயர் 'வால்ஐ'. உடல் பொன்னிறம் கலந்த பச்சை. வாலின் கீழ் நுனியில் வெள்ளைத் திட்டு. வாயில் கூரிய பற்கள். இரவில் விளக்கு வெளிச்சம் பட்டால் மாட்டின் கண் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்த மீனின் கண்ணிலும் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால் மங்கலான வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கும். உச்சி வெயில் ஆகாது. அந்தியிலும் விடியலிலும் கரையோரம் வரும். பகலில் கலங்கல் நீரிலோ ஆழத்திலோ ஒதுங்கும். ஆழத்தில் வெளிச்சம் குறைவு என்பதால், அங்கே நடுப்பகலிலும் இரை தேடும்.

தண்ணீரிலும் அடுக்கு உண்டு

சூடான நீர் எடை குறைந்தது, குளிர்ந்த நீர் எடை கூடியது. கோடையில் வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. காற்று அந்த மேல்நீரை மட்டுமே கலக்குகிறது. அடியில் உள்ள குளிர்ந்த நீரைக் கிளப்ப அதற்குப் பலம் போதாது. ஆகவே ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே 20 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிய நீர். அடியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி நீர். இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள்ளேயே வெப்பம் சட்டென்று இறங்கும்.

இந்த ஏரியில் 'ஸ்மெல்ட்' என்ற விரல் நீள வெள்ளிக் குஞ்சுமீனை 1971-ல் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்ந்த நீரில்தான் அது வாழும். வெயில் ஏற ஏற ஸ்மெல்ட் கீழே இறங்கும். அதைத் தின்னும் வால்ஐயும் 30, 40 அடிக்குப் பின்தொடரும். கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு ஜூலையில் ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போது புரியும்.

நம் ஏரி குளங்களிலும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. ஐந்தாறு அடிப் பண்ணைக்குட்டையில்கூட பிற்பகலில் மேல்நீர் சுடும், அடிநீர் குளிர்ந்திருக்கும். மீன் பழைய வாய்க்கால் பள்ளத்துக்கோ மதகடிக்கோ போய்விடும். ஆனால் நம் குட்டைகளின் அடியில் சேறும் அழுகிய தழையும் மிகுதி. அங்கே பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பசி என்று எண்ணித் தீவனம் போடாதீர்கள். புது நீர் பாய்ச்சுங்கள்; இயலாவிட்டால் தண்ணீரை அடித்துக் கலக்கிவிடுங்கள்.

சக்காகவியாவிலும் கோடைக் கடைசியில் அடிநீரின் பிராணவாயு குறைகிறது. மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல். ஸ்மெல்ட்டுக்கு நடுவில் ஒரு பட்டை நீர்தான் மிச்சம். ஏரி மட்டம் இறங்கிய ஆண்டுகளில் அந்தப் பட்டை இன்னும் ஒடுங்கும். போதாததற்கு மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாய்கள் அடியில் இருப்பதால் குளிர்ந்த நீரே முதலில் வெளியேறுகிறது. கடும் வறட்சியில் இருந்த 2005-ல், அந்த வாய்களின் கீழ்ப்பகுதியை ஒட்டுப்பலகை வைத்து அடைத்து, மேல்நீர் முதலில் போகும்படி செய்தார்கள். குளிர்ந்த நீரைச் சேமிக்க இவ்வளவு எளிய வழி எனக்குத் தோன்றியிருக்காது. வசந்தத்தில் ஸ்மெல்ட் கரையோரம் முட்டையிட்ட பிறகு மட்டம் இறங்கினாலும் நட்டம்தான்; முட்டைகள் கரையிலேயே காய்ந்துபோகும். கீழே உள்ள ஓவாஹி நீர்த்தேக்கத்திலோ எதிர்மாறு. 1997-லும் 2011-லும் வெள்ளத்தோடு ஸ்மெல்ட் கூட்டம் கூட்டமாக அணை வழியே அடித்துக்கொண்டு போய்விட, இரையில்லாமல் வால்ஐ மெலிந்தது.

கரண்டியே இரை

ஸ்பூன் என்பது கரண்டியின் குழிப் பகுதியைப் போல வளைந்த உலோகத் தகடு. அடியில் மூன்று முள் கொண்ட கொக்கி. மண்புழுவும் வேண்டாம், மாவும் வேண்டாம். சாப்பாட்டுக் கரண்டி ஒன்று ஏரியில் தவறி விழ, மின்னிக்கொண்டே இறங்கிய அதை மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டு ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் இதைச் செய்தார் என்பார்கள். அந்தக் கதை எப்படியோ, அவர் 1852-ல் தம் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றது உண்மை.

மெல்லிய அகலமான தகட்டைப் படகின் பின்னால் இழுப்பார்கள். ஆழத்துக்கு ஏற்றது ஒடுங்கிய கனமான தகடு. 35, 40 அடிக்கு 15 முதல் 20 கிராம் எடை போதும். தெளிந்த நீரில் வெள்ளி நிறம், கலங்கலில் பொன் நிறம் என்று வைத்திருக்கிறார்கள்.

நண்பர் முதலில் தூண்டிலைத் தொடவே இல்லை. ஒலி அலையால் ஆழமும் மீனும் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் படகை ஓட்டினார். பழைய ஆற்றின் கரைமேடு சரிந்து பள்ளத்தில் இறங்கும் இடத்தில் 36 அடியில் கோடுகள் தெரிந்தன. அங்கே நிறுத்தி ஸ்பூனை நேராகத் தரைவரை இறக்கினார். பிறகு கோலின் நுனியை இரண்டு மூன்று அடி உயர்த்தி, விழவிட்டார். தரையில் பட்டதும் சில விநாடி சும்மா விட்டார். மறுபடி உயர்த்தினார். அவ்வளவுதான்.

நான் செய்தபோது ஒன்றும் கடிக்கவில்லை. "நீங்கள் மோர் கடைகிறீர்கள்" என்பதுபோல அவர் கையால் கடைந்து காட்டிச் சிரித்தார். நான் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன். மீனை ஏமாற்றுவது மேலே ஏறும் தகடு அல்ல, விழும் தகடு. சாகப்போகும் ஸ்மெல்ட் பக்கவாட்டில் புரண்டு மின்னிக்கொண்டே கீழே போவதுபோல அது விழ வேண்டும். அதற்கு நைலான் நரம்பு விறைப்பாகவும் இருக்கக்கூடாது, தொய்ந்து சுருளவும் கூடாது. விறைத்தால் தகடு புரளாது. தொய்ந்தால் கடி தெரியாது. விழும் நரம்பு தரைக்கு முன்பே பாதியில் நின்றால் மீன் கவ்விவிட்டது என்று பொருள். உடனே சுண்டி இழுக்க வேண்டும். இதைக் கைவரப் பெற எனக்கு ஒரு மணி நேரமாயிற்று.

ஆழத்து மீனைத் திரும்ப விடலாகாது

அங்கே உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வால்ஐ ஐந்துதான். விற்கவும் கூடாது. பிடித்த மீனைத் தண்ணீரில் திரும்ப விடும் வழக்கம் அந்நாட்டில் பரவலாக உண்டு, நல்ல பழக்கமும்தான். ஆனால் 25, 30 அடிக்குக் கீழிருந்து இழுத்த மீனுக்கு அது உதவாது. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதிகம். மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை பலூன்போல உப்புகிறது. சில மீன்களுக்குக் கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழி வெளியே தள்ளும். திரும்ப விட்டால் நீந்திப் போவதுபோலத் தெரியும், பெரும்பாலும் பிழைப்பதில்லை. எனவே ஆழத்தில் பிடிப்பவர் சிறியது பெரியது என்று பொறுக்காமல், வந்ததை வைத்துக்கொண்டு ஐந்தோடு நிறுத்த வேண்டும் என்று அம்மாநில மீன்வளத் துறை கேட்டுக்கொள்கிறது.

எங்கள் இரண்டாவது மீன் ஒரு சாண்தான் இருந்தது. தண்ணீரில் விட்டுவிடலாமே என்றேன். நண்பர் மீனைத் திருப்பிப் பிதுங்கிய கண்ணைக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் போட்டார். அவர் கணக்கில் ஐந்தாவது மீன் ஏறியதும் நரம்பைச் சுற்றிவிட்டார். கருவியில் இன்னும் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் இரு பக்கச் சதையையும் முள்ளில்லாமல் அறுத்தெடுத்து, மாவில் புரட்டிப் பொரித்தார்கள். உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் சேர்க்கவில்லை. ஊரிலிருந்து பையில் கொண்டு போயிருந்த மிளகாய்த்தூளை என் பங்கின்மேல் தூவிக்கொண்டேன்.