கண்ணாடிச் சாடியின் அடியைப் பாருங்கள்



தோட்டத்து வீடுகள் சிலவற்றில், அலமாரியின் மேல்தட்டில் வண்ணக் கண்ணாடிப் பூச்சாடி ஒன்று இருக்கும். பெரிய பங்களாவில் ஆயாவாக இருந்த பாட்டியோ, சமையல் செய்த தாத்தாவோ, துரை சீமைக்குத் திரும்பிய நாளில் பெற்றுவந்த பொருள் அது. அதை எந்த நாட்டில், யார், எப்போது செய்தார்கள் என்று கண்டறிவது எப்படி? இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

நம் மாணவன் ஒருவனின் வீட்டில் நடந்ததைக் கேட்டபிறகே இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தோம். அவன் பாட்டியிடம் ஒரு சாண் உயரச் சாடி ஒன்று உண்டு. நல்ல ஆரஞ்சு நிறம். வாயைச் சுற்றிக் கறுப்புக் கோடு. 1960களில் துரையம்மா கொடுத்தது. பழம்பொருள் வாங்குபவர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர், அது விக்டோரியா மகாராணி காலத்துச் சாடி என்றும், பல ஆயிரம் வெள்ளி பெறும் என்றும், சான்றிதழ் எடுக்க முதலில் 500 வெள்ளி கட்டவேண்டும் என்றும் கூறினார். பேரனின் மேற்படிப்பை எண்ணி, பாட்டி காதுத் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்.

பையன் சாடியைத் துணியில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். பூதக்கண்ணாடியை வைத்து அடியைப் பார்த்தோம். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய முத்திரை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தோம். 'செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அந்த ஒரு சொல் போதும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918ஆம் ஆண்டில்தான் பிறந்தது. 1993ஆம் ஆண்டு பிறந்தபோது அது இரண்டு நாடுகளாகப் பிரிந்துவிட்டது. விக்டோரியா மகாராணி மறைந்ததோ 1901இல். அவர் காலத்துச் சாடியில், பிறக்காத நாட்டின் பெயர் எப்படி வரும்? ஆரஞ்சும் கறுப்பும் கலந்த சாடிகள் 1920களிலும் 1930களிலும் அந்நாட்டிலிருந்து ஏராளமாக ஏற்றுமதியானவை. பாட்டியின் சாடியும் அந்தக் காலத்தது என்று கொள்வதே பொருத்தம். அழகான பொருள்தான், ஆனால் தோட்டை அடகு வைக்க வேண்டிய பொருள் அன்று.

செக் நாட்டின் ஒரு பகுதியான பொஹீமியா, பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்ற இடம். 1918க்கு முன் அது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தன் நாட்டுக்குள் வரும் பொருள்களில் அவை எங்கே செய்யப்பட்டவை என்று ஆங்கிலத்தில் குறிக்கவேண்டும் என்று 1890இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்பின் சாடிகளின் அடியில் நாட்டுப் பெயர் பெருகியது. ஆனால், பெயர் இல்லை என்பதாலேயே ஒரு சாடி அதற்கும் முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாச் சாடியும் அமெரிக்காவுக்குப் போனதில்லை. சிலவற்றில் காகிதச் சீட்டுத்தான் ஒட்டினார்கள். இத்தாலியில் வெனிஸ் நகருக்கு அருகிலுள்ள முரானோத் தீவின் கண்ணாடிகளில் பெரும்பாலும் அப்படித்தான். நாலு முறை கழுவினால் சீட்டுப் போய்விடும்.

முத்திரை இல்லாவிட்டால் கண்ணாடியின் உடம்பைப் படிக்கவேண்டும். ஊதிச் செய்த சாடியை, வாயைச் சீர்செய்யும்வரை ஓர் இரும்புக் கோலின் நுனியில் ஒட்டிவைத்துப் பிடிப்பார்கள். கோலை உடைத்து எடுத்த இடத்தில், அடியின் நடுவே தொப்புள்போல ஒரு வடு நிற்கும். சில பட்டறைகளில் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். அச்சில் வார்த்ததாக இருந்தால், பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். பல்லாண்டு மேசைமேல் இருந்த சாடியின் அடிவிளிம்பில் நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால், யாரோ உப்புத்தாள் தேய்த்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

பெயர் பெரிதானால் ஏமாற்றும் பெரிது. பிரான்சில் நான்சி நகரைச் சேர்ந்த எமில் கல்லே என்பவர், பல வண்ண அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அமிலத்தால் அரித்துப் பூவும் கொடியும் எழுப்பினார். அவர் 1904இல் மறைந்தார். பட்டறை தொடர்ந்து நடந்தது. அவர் மறைந்தபின் சில ஆண்டுகள் பெயருக்கு அருகே ஒரு நட்சத்திரம் இட்டார்கள். ஆகவே நட்சத்திரம் இருந்தால், அது அவர் வாழ்நாளில் செய்ததன்று. ருமேனியாவில் அண்மைக் காலத்தில் அதே பாணியில் சாடிகள் செய்து, கல்லே பெயரோடு 'டிப்' என்ற மூன்றெழுத்துச் சொல்லையும் சேர்த்தார்கள். அந்த மொழியில் அதற்கு 'அந்த வகை' என்று பொருள். செய்தவர் மறைக்கவில்லை, கைமாறி விற்பவர் சிலர் அந்த மூன்றெழுத்தைத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். ஓரிடம் மட்டும் பள்ளமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் விலை பேசாமல் திரும்புங்கள்.

மற்றொரு பிரெஞ்சுக்காரர் ரெனே லலீக். அவர் உயிரோடிருந்தவரை கண்ணாடிகளில் 'ஆர். லலீக்' என்று இருந்தது. 1945இல் அவர் மறைந்தபின் முன்னெழுத்தை விட்டுவிட்டு 'லலீக்' என்று மட்டும் பொறித்தார்கள். ஓர் எழுத்தில் விலை எவ்வளவோ மாறும். அந்த எழுத்தைப் பின்னால் சேர்க்கும் கைகளும் உண்டு என்பதால், எழுத்தை மட்டும் நம்பாமல் அடித் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சாடியை வெளிச்சத்தில் வைத்து, முழு உருவத்தையும் அடியையும் முத்திரையையும் தனித்தனியே படம் எடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பல, அப்படங்களைப் பார்த்து முதல் மதிப்பைச் சொல்லக் கட்டணம் கேட்பதில்லை. சான்றிதழுக்கு முன்பணம் கேட்பவரிடம், முதலில் சாடியின் அடியில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மனிதர் அடுத்த ஞாயிறு வந்தபோது பாட்டி அப்படித்தான் கேட்டாராம். அவர் படிக்கவில்லை, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சாடி மீண்டும் மேல்தட்டுக்கு ஏறியது. தோடு பாட்டியின் காதில் இருக்கிறது.