ஏமாறாதவர்களும் புகார் கொடுக்க வேண்டும்

எங்கள் ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, செக்கு நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை... அவ்வளவுதான் சரக்கு. போன தை மாதம் ஒரு போன் வந்தது. "ராணுவ முகாம்ல இருந்து பேசறேன். 100 கிலோ அரிசி, 20 லிட்டர் எண்ணெய் வேணும். வண்டி வரும், ஏத்தி விடுங்க" என்றார். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. புது அரிசியா, பழைய அரிசியா என்றுகூடக் கேட்கவில்லை. அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பினார்.

பணத்தைப் பற்றிக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு வந்தது. "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, உங்க கணக்குல பணம் ஏறிடும்." பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, பணம் வாங்குறதுக்கு எதுக்குப் பின் நம்பர்?" என்றாள். போனை வைத்தேன். அந்த எண்ணை பிளாக் செய்தேன். தப்பிச்சோம்டா சாமி என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் குழுவில் தேன் விற்கும் நண்பர் 18,000 ரூபாயை இழந்தார். அதே முகாம், அதே அட்டை, அதே பேச்சு. "உங்களுக்கும் வந்துச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எலியைப் பிடிக்காமல் பக்கத்து வயலுக்கு விரட்டிவிட்டவன் நான்.

'பணம்தான் போகலையே, எதுக்குப் போலீஸ்?' என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஏமாற்ற முயல்வதும் சட்டப்படி குற்றமே. ஒரே எண்ணின்மேல் பல ஊர்களிலிருந்து புகார் சேர்ந்தால்தான் அது ஒரு கும்பலின் வேலை என்று தெரியும். அந்த எண்ணையும் வங்கிக் கணக்கையும் முடக்க வழி பிறக்கும். நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரடி விற்பனைக்காக நம் போன் எண்ணைப் பொட்டலத்தில் அச்சடித்து ஊருக்கே கொடுத்திருக்கிறோம்.

நண்பரோடு நானும் காவல் நிலையம் போனேன். வெட்கத்தில் அவர் எல்லாச் செய்திகளையும் அழித்திருந்தார். அந்த எண், அட்டைப் படம், கோடு மூன்றும் என் போனில் இருந்தன. அவற்றை வைத்துத்தான் புகார் எழுதினோம். பணம் இன்னும் திரும்பவில்லை.

செய்ய வேண்டியவை:

• பின் நம்பர் பணம் கொடுப்பதற்கு. பணம் வாங்க அது வேண்டியதில்லை.

• எதையும் அழிக்காதீர்கள். எண், தேதி, நேரம், படம், யுபிஐ முகவரி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

• பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

• பணம் போகாவிட்டாலும் மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்திலோ, சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியிலோ பதியுங்கள்.

• 1.7.2024 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, இத்தகைய குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

பிறகு உங்கள் உழவர் குழுவிலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதற்கு நண்பர் கொடுத்த விலை, ஒரு பருவத்துத் தேன்.