கல்லீரலுக்கு ‘ஈரம்’ என்று பெயர்

ஹாங்காங்கில் காலைக் கஞ்சிக் கடைகளில் பன்றிக் கல்லீரல் போட்ட அரிசிக் கஞ்சி கிடைக்கும். ஆனால் விலைப்பலகையில் கல்லீரலுக்கு உரிய சொல்லைப் பார்க்க முடியாது. கன்டோனிய மொழியில் கல்லீரல் ‘கோன்’. ‘வறண்டது’ என்பதற்கும் அதே ஒலி. அங்கே கொச்சையில் தண்ணீர் என்றால் பணம். வறட்சி என்றால் கையில் காசில்லை. காலங்கார்த்தாலே அந்தச் சொல்லை வாயால் சொல்வானேன்? ஈரப்பசை என்று ஒலிக்கும் ‘யோன்’ என்ற சொல்லை வைத்துவிட்டார்கள்.

நாக்குக்கும் இதே கதிதான். அதன் பழைய பெயர் ‘ஸித்’, நஷ்டப்படுவதும் ‘ஸித்’. ஆகவே இறைச்சிக் கடையில் நாக்கு ‘லெய்’, அதாவது லாபத்தின் ஒலி. பீர்க்கங்காயின் முதல் அசை தோல்வியைக் குறிக்கும் ‘ஷூ’வை ஒட்டி வருவதால், அது ‘வெற்றிக்காய்’ ஆனது. பஞ்சாங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதன் பெயரில் ‘புத்தகம்’ என்ற சொல் இருந்தது. புத்தகமும் தோற்பதும் ஒரே ‘ஷூ’. நல்ல நாள் பார்க்கிற ஏட்டின் பெயரிலேயே தோல்வியா? அதையும் வெற்றியாக்கினார்கள்.

நன்னூல் சொல்லும் மங்கல வழக்கு வேறு. செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம். அங்கே செய்தியே அமங்கலம். இங்கே ஈரலும் பீர்க்கங்காயும் ஒரு பாவமும் அறியாதவை. குற்றமெல்லாம் ஒலியுடையது. அந்த ஒலியைத் தவிர்ப்பதோடு நில்லாமல், நேர் எதிர்ச் சொல்லையே கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் கன்டோனியர் சாமர்த்தியம்.

வாய் தவறி யாராவது அமங்கல வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கும் பரிகாரம் உண்டு. பெரியவர்கள் ‘சோய்!’ என்று அதட்டி, எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி சொல்லச் சொல்வார்கள்.

ஆனாலும் நல்ல சொல்லால் எத்தனை நாள் காவல் காக்க முடியும்? ‘காலி’ என்பதற்கான ‘ஹுங்’, கேடு என்ற சொல்லோடு ஒலியில் ஒன்று. எனவே காலி வீட்டை மங்கல வீடு, ‘கட்’ வீடு, என்றார்கள். நாளடைவில் மங்கலச் சொல்லுக்கே வெறுமை ஒட்டிக்கொண்டது. அலைந்து திரிந்தும் ஒன்றும் தேறவில்லை என்றால், “கட்தான் மிச்சம்” என்பது இன்றைய பேச்சு. பயத்தை மறைக்க வந்த சொல்லும் கடைசியில் உண்மையைத்தான் சொல்கிறது.

ஹாங்காங்கில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கவனிக்க: பலகையில் ‘கட்’ என்று இருந்தால் ராசியான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.