பீவர் கட்டும் அணையும் நம் ஊர்க் கண்மாயும்

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே செல்வோர் பெரும்பாலும் இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். நீங்கள் சென்றால் அக்கம்பக்கத்துக் கண்மாய்க் கரைகளையும் பாருங்கள். இம்மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ளன. மழைநீர் ஓடும் வழியில் ஒரு மண்கரை. அது என்னென்ன செய்கிறது?

இதே வேலையைச் செய்யும் விலங்கு ஒன்று உண்டு. அதுதான் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பீவர். எலியைப் போலக் கொறிக்கும் பிராணி. எடை ஏறக்குறைய 20 கிலோகிராம். மரங்களைப் பல்லால் கொறித்து வீழ்த்தி, கிளை, கல், சேறு ஆகியவற்றால் ஓடையின் குறுக்கே அணை கட்டும். தேங்கிய நீரின் நடுவே வீடு அமைத்தால் ஓநாய் எளிதில் நெருங்க முடியாதல்லவா?

அணையால் நீரின் வேகம் குறைகிறது. வேகம் பாதியானால், நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை பாதியாவதில்லை. 64-இல் ஒரு பங்காகிவிடும்! ஆகவே மணலும் வண்டலும் அடியில் படிகின்றன. நின்ற நீர் மெல்ல மண்ணுள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. மீன், தவளை, நீர்ப்பறவை எல்லாம் வந்து சேர்கின்றன. தோலுக்காகப் பீவர்களை வேட்டையாடி ஒழித்த இடங்களில் அணைகள் உடைந்தன. ஓடைகள் வேகமெடுத்துத் தம் படுகையையே அரித்தன. பக்கத்து நிலம் உலர்ந்தது.

படியும் வண்டல் ஒருநாள் குளத்தையே தூர்த்துவிடுமே? பீவருக்குக் கவலையில்லை; வேறிடம் போய்விடும். பழைய குளம் புல்வெளியாகும். ஓர் ஊர் அப்படிப் போக முடியுமா?

எனவேதான் நம் முன்னோர் கண்மாயினுள் குமிழித் தூம்பு அமைத்தனர். அதில் தெளிந்த நீர் செல்ல மேலே நீரோடித் துளை. தரைமட்டத்தில் சேறோடித் துளை. ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடில், 3 மீட்டர் ஆழத்துத் துளையில் நீர் நொடிக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர் வேகத்தில் பாயும். அவ்வேகம் துளையருகே உள்ள சேற்றை இழுத்துச் சென்று வயலில் சேர்க்கும். எஞ்சிய வண்டலை ஊரார் கோடையில் வெட்டி வயலுக்கு எருவாக இட்டனர். ஊர் கூடிச் செய்த இத்தகைய பராமரிப்பே குடிமராமத்து.

ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் லார்ஸ் வில்சன், நீரோடும் ஓசையை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார். பீவர்கள் அதன்மேல் குச்சிகளை அடுக்கத் தொடங்கின! கரை உடைந்தால் நமக்கும் ஓசை கேட்கும். ஆனால் கண்மாய் தூர்ந்துபோகும்போது எந்த ஓசையும் எழுவதில்லை. அதை நாம்தான் சென்று பார்க்க வேண்டும். வரும் கோடையில், நீர் வற்றியபின், பெரியவர்களுடன் உங்கள் ஊர்க் கண்மாய்க்குச் செல்லுங்கள். சேறோடித் துளை வெளியே தெரிகிறதா, மண்ணுள் புதைந்துவிட்டதா?