கேம்பல் பேயில் குடியிருக்க ஓர் இடம்

கேம்பல் பே துறையில் கப்பல் வந்து நிற்கிறது. மாற்றல் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார் ஒரு குமாஸ்தா. காண்டிராக்டர் சொன்ன வார்த்தையை நம்பி, பெட்டியும் படுக்கையுமாகப் பின்னாலேயே இறங்குகிறார் ஒரு கொத்தனார். இருவர் மனத்திலும் ஒரே கேள்விதான்: இன்று இரவு எங்கே படுப்பது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024-இல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது) கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து தெற்கே 500 கிலோமீட்டருக்கும் மேல் போனால்தான் கிரேட் நிக்கோபார் தீவும் அதன் கேம்பல் பேயும். வழியில் உள்ள தீவுகளில் நின்று நின்று வரும் கப்பலானால் இதற்கே இரண்டு நாள் ஆகிவிடும். இவ்வளவு தூரம் வந்தவர், வீடு அகப்படவில்லை என்று மறுநாளே மூட்டையைக் கட்டிவிட முடியாது. அடுத்த கப்பல் எப்போது என்பதைக் கடலும் காற்றும் அல்லவா தீர்மானிக்கின்றன!

மதுரையிலோ திருச்சியிலோ வீடு தேடுவோருக்குத் தரகர் உண்டு. 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை உண்டு. இங்கே அந்தப் பழக்கத்தை நம்பிப் பயனில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தீவு முழுவதிலுமாக ஜனத்தொகை சுமார் 8,000. தீவின் பெரும் பகுதி காடு. ஷோம்பென், நிக்கோபாரி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பழங்குடி நிலம். மற்றவர்கள் குடியிருக்கக் கூடியது கிழக்குக் கடற்கரையோரமாக உள்ள ஒரு துண்டு நிலத்தில்தான்.

அந்தத் துண்டு நிலத்திற்கு ஒரு கதை உண்டு. 1969 முதல் 1980 வரை, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சுமார் 330 பேரின் குடும்பங்களை மத்திய அரசு இங்கே குடியேற்றியது. பஞ்சாபிகள் அதிகம், மராட்டியர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் எனப் பலரும் வந்தார்கள். காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. ஆகவே, வாடகைக்கு அறை கேட்டுப் போகிறவர் ஒரு சர்தார்ஜியின் வாசலில் போய் நிற்க நேர்ந்தால் வியப்பில்லை. "கம்ரா காலி ஹை?" என்று கேட்கும் அளவுக்காவது இந்தி தெரிந்திருப்பது நல்லது.

அரசு ஊழியருக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் சம்பள நிலைக்கு ஏற்ற வகை வீடு காலியாக வேண்டும். முன்னால் எழுதி வைத்தவர்களுக்குப் பிறகே நம் முறை. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வீட்டு வாடகைப் படி நின்றுவிடும். உரிமக் கட்டணமும் பிடிப்பார்கள். அப்படியும் வெளியில் தேடி அலைவதற்கு அது எவ்வளவோ மேல். கூலிக்கு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. காண்டிராக்டர் போட்டுத் தரும் தகரக் கொட்டகைதான் பலருக்கு முதல் வீடு.

எந்த மண்ணின் மேல் வீடு?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது; கடல் ஊருக்குள் வந்தது. தீவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீரில் நின்றது. தெற்கே இருந்த காந்தி நகர், சாஸ்திரி நகர் மக்கள் வீடிழந்து கேம்பல் பேக்கு வந்தார்கள். முதலில் தகரக் கொட்டகைகள். வெயிலில் அடுப்பாகக் காய்ந்த அந்தக் கொட்டகைகளில் ஆண்டுக் கணக்கில் இருந்த பிறகே நிரந்தர வீடுகள் வந்தன. அந்தமான் நிக்கோபார் முழுவதற்குமாக இப்படி 9,000-க்கு மேல் கட்டினார்கள்.

இதெல்லாம் அறை தேடுகிறவருக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. குடியேறியவருடைய பட்டா நிலத்தில் உள்ள வீடு ஒன்று. சுனாமிக்குப் பின் அரசு ஒதுக்கிய வீடு இன்னொன்று. அரசு நிலத்தில் யாரோ மறித்துப் போட்ட குடிசை வேறொன்று. மூன்றாவதில் வாடகை குறைவாக இருக்கும். ஆனால் அப்புறப்படுத்த ஆள் வந்தால் வெளியே நிற்பது குடியிருப்பவர்தான். வாடகை வாங்கியவர் அல்ல. ரேஷன் அட்டைக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ முகவரி காட்ட வேண்டிய நாளில், அந்தக் குடிசை ஒரு முகவரியாகவே இராது. வெளியார் இங்கே நிலம் வாங்கிக் குடியேறுவது எளிதல்ல என்பதால், வாடகைக்காரருக்குக் கையில் இருக்கும் காகிதமே எல்லாம். மாதாமாதம் ரசீது கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெரிய துறைமுக, விமான நிலையத் திட்டமும் நிலத்தைப் பற்றிய பேச்சை மாற்றிவிட்டது. விமான நிலையத்துக்கு எடுக்கத் திட்டமிட்ட நிலங்களில் காந்தி நகர், சாஸ்திரி நகர் நிலங்களும் அடங்கும். தீவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும் என்று திட்டத் தாள்கள் கணக்குப் போடுகின்றன. அவர்களுக்கான நகரம் காகிதத்தில் இருக்கிறது. இன்று இறங்குகிற கொத்தனாருக்கு அதில் அறை கிடைக்காது.

பிறகு எப்படித்தான் பிடிப்பது? கடைத்தெருவில்தான். தமிழ்க் குரல் கேட்கும் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "அண்ணாச்சி, தங்க இடம் ஏதும் உண்டா?" என்றால், "எந்த ஆபீஸ் தம்பி? குடும்பம் வருதா?" என்று விசாரணை தொடங்கும். தனி ஆளுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறவர்கள்கூட, தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் இசைவார்கள். முன்பு இந்த விசாரணையைக் கடிதத்தில் நடத்த வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வடம் வந்த பிறகு, ஊரில் இருந்தபடியே செல்போனில் இன்னும் எளிதாகப் பேசிப் பார்க்க முடிகிறது. அலுவலகத்தில் முன்பே இருப்பவரைப் பிடித்து, கப்பல் ஏறுமுன் ஓர் அறைக்குச் சொல்லி வைப்பதே உத்தமம். மனைவி மக்களை முதல் கப்பலிலேயே அழைத்து வருவது சரியல்ல.

அறையைப் பார்க்கும்போது சுவரின் வர்ணத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்க்க வேண்டும். ஆண்டில் பல மாதம் மழை பெய்கிற ஊர். நிலநடுக்க அபாயம் மிகுந்த இடமும் கூட. தலைக்கு மேல் கனமான சுவர் இல்லாமல் இருப்பதே நிம்மதி. குழாயில் தண்ணீர் எந்த நேரம் வரும், கூரை மழைநீரைப் பிடிக்கத் தொட்டி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்புறம் ஓடை இருந்தால், முதலை வருமா என்றும் தயங்காமல் கேட்கலாம், சிரிக்க மாட்டார்கள். கையோடு ஒரு தார்ப்பாய், ஒரு கொசுவலை, நல்ல டார்ச் விளக்கு ஆகியவற்றைக் கொண்டுவருவது நலம். ஒரு முழு மழைக்கு அறை ஒழுகாமல் நின்றதைப் பார்த்த பிறகு, குடும்பத்துக்கு அடுத்த கப்பலில் டிக்கெட் போடச் சொல்லி வீட்டுக்குப் பேசலாம்.